உடைஞ்ச டிவி, பழைய லேப்டாப்புக்குள்ள இன்னும் வெளிச்சம் இருக்கு... அதை விளக்காக்கலாமா? எங்கே லாபம், எங்கே ஆபத்து?

கிரிக்கெட் பந்து பட்டு டிவி ஸ்கிரீனில் விரிசல். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால், "பேனல் மாத்தணும். அந்தக் காசோட இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே வாங்கிடலாம்" என்கிறார். டிவி பரணுக்குப் போகிறது. அடுத்த பொங்கலுக்கு வீடு சுத்தம் பண்ணும்போது பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. அங்கே சுத்தியலால் ஒரே அடி. இரும்பும் காப்பரும் தனியாக, மிச்சமெல்லாம் குப்பையாக.

பெரம்பலூர், அரியலூர் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் இதுதான் கதை. ஆனால் அந்த டிவியில் உடைந்தது முன்பக்கக் கண்ணாடி மட்டும்தான். அதற்குப் பின்னால் இருக்கும் விளக்குகள் பெரும்பாலும் நல்லாவே எரியும். அதை எடுத்து 12 வோல்ட் பேட்டரியில் எரியும் விளக்காக மாற்ற முடியும். தெரியாமல் கை வைத்தால் ஷாக் அடிக்கும், பாதரசமும் சிந்தும். எதை மாற்றலாம், எதைத் தொடவே கூடாது? மாற்றினால் உண்மையிலேயே பிரயோஜனம் உண்டா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இந்தப் பேச்சு இப்போ ஏன்?

மூன்று காரணங்கள்.

ஒன்று, லேப்டாப். தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011-ல் தொடங்கியது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு 50 லட்சத்துக்கும் அதிகமான லேப்டாப்கள் தரப்பட்டன. ஆரம்பத்தில் தந்தவற்றுக்கு வயது பத்தைத் தாண்டிவிட்டது. பல வீடுகளில் அவை பீரோ மேல் தூங்குகின்றன. இதற்கிடையே கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தரப்படும் என்று 2025-26 பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. புதுசு வந்தால் பழசு எங்கே போகும் என்ற கேள்வியும் கூடவே வரும்.

இரண்டு, மின்னணுக் கழிவு விதிகள். மத்திய அரசின் 2022-ம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. முன்பு 21 வகைப் பொருட்கள்தான் பட்டியலில் இருந்தன. இப்போது 106.

மூன்று, பாதரசம். இந்தியா 2018-ல் ஏற்றுக்கொண்ட மினமாட்டா உடன்படிக்கையின்படி, ஸ்கிரீன்களில் பயன்படும் பாதரசக் குழல் விளக்குகளின் உற்பத்திக்கும் ஏற்றுமதி, இறக்குமதிக்கும் 2025 கடைசி வருடம் என்று 2022-ல் நடந்த மாநாட்டில் முடிவானது. ஆனால் ஏற்கனவே வீட்டில் இருக்கும் பழைய மானிட்டருக்குள் அந்தக் குழல் இன்னும் இருக்கிறது.

ஸ்கிரீனுக்குப் பின்னால் என்னதான் இருக்கு?

எல்சிடி ஸ்கிரீன் தானாக ஒளி விடாது. அது ஒரு ஜன்னல் திரை மாதிரி. பின்னால் இருந்து வரும் வெள்ளை வெளிச்சத்தை எங்கே விட வேண்டும், எங்கே மறைக்க வேண்டும் என்று மட்டும் பார்த்துக்கொள்ளும். அந்தப் பின்பக்க வெளிச்சத்துக்குப் பெயர்தான் பேக்லைட். 'எல்இடி டிவி' என்று கடையில் சொல்வதும் எல்சிடி டிவியைத்தான். பேக்லைட் எல்இடி என்பது மட்டுமே வித்தியாசம்.

பேக்லைட் இரண்டு மாதிரி இருக்கும். பெரும்பாலான டிவிகளில் பின்பலகை முழுக்க நீளமான பட்டைகள். ஒவ்வொரு பட்டையிலும் வரிசையாக எல்இடிகள், ஒவ்வொன்றின் மேலும் பொத்தான் மாதிரி ஒரு சின்ன லென்ஸ். லேப்டாப், மானிட்டரில் ஓரத்தில் மட்டும் ஒரு மெல்லிய எல்இடி பட்டை. அந்த வெளிச்சத்தைப் பக்கம் முழுவதும் பரப்புவது ஓர் அக்ரிலிக் தகடு.

அந்தத் தகட்டின் முன்னால் பால் நிறத்தில் ஒரு ஷீட், பின்னால் வெள்ளை பிரதிபலிப்பு ஷீட். பழைய ஸ்கிரீனில் அசல் பொக்கிஷம் இதுதான். கண் கூசாமல், நிழல் விழாமல், சமமாக வரும் வெளிச்சம். சாதாரண எல்இடி பல்பில் இது கிடைக்காது.

எது விளக்காகும்? எது ஆகாது?

பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியது இது:

• குண்டு டிவி: 2006 முதல் அரசு இலவசமாகத் தந்த கலர் டிவிகள் இந்த வகைதான். இதில் பேக்லைட்டே கிடையாது. படக்குழாயின் கண்ணாடியில் ஈயம் உண்டு. உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கலாம். திறக்கவே கூடாது.

• பழைய தடிமனான எல்சிடி டிவி, மானிட்டர்: 2010 வாக்கிலும் அதற்கு முன்பும் வாங்கியவற்றில் பெரும்பாலும் சிசிஎஃப்எல் எனும் மெல்லிய கண்ணாடிக் குழல்தான் பேக்லைட். உள்ளே பாதரசம். எரிய நூற்றுக்கணக்கான வோல்ட் வேண்டும். இதையும் விட்டுவிட வேண்டும்.

• ஸ்கிரீன் உடைந்த எல்இடி டிவி, மானிட்டர்: விளக்கு செய்ய இதுதான் சரியான ஆள்.

• பழைய லேப்டாப் ஸ்கிரீன்: 2011-க்குப் பிந்தையது என்றால் பெரும்பாலும் எல்இடிதான். வாட் குறைவு, வெளிச்சம் மென்மை. படிக்கும் மேசைக்கும் கடை கல்லாவுக்கும் பொருந்தும்.

'சவுண்டு வருது, படம் வரல' என்றால் பிரிக்காதீங்க!

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். டிவியில் சத்தம் வருகிறது, ஸ்கிரீன் இருட்டாக இருக்கிறது என்றால் செல்போன் டார்ச்சை ஸ்கிரீனை ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் நகர்வது தெரிந்தால், பேனல் நன்றாக இருக்கிறது, பேக்லைட்தான் போயிருக்கிறது என்று அர்த்தம்.

பட்டையில் உள்ள எல்இடிகள் பழைய சீரியல் செட் போல ஒன்றன்பின் ஒன்றாக இணைந்தவை. ஒன்று போனால் வரிசையே அணையும். பட்டையை மாற்றினால் டிவி மறுபடி ஓடும். அந்த ரிப்பேருக்கு ஆகும் செலவு பேனல் விலையில் சின்னப் பங்குதான். அப்படிப்பட்ட டிவியை விளக்குக்காகப் பிரிப்பது, கறக்கிற மாட்டை அடிமாட்டுக்கு விற்பது மாதிரி.

விளக்காக்க வேண்டியது இதற்கு நேரெதிரான டிவியை. பேனல் உடைந்திருக்க வேண்டும், பேக்லைட் நன்றாக எரிய வேண்டும்.

12 வோல்ட்டில் எப்படி எரிய வைப்பது?

டிவிக்குள் இருக்கும் அதே சர்க்யூட்டை வைத்து எரிய வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். 230 வோல்ட் கரன்ட் டிவியின் பவர் போர்டுக்குள் போனதும் 300 வோல்ட்டுக்கு மேல் டிசியாக மாறி ஒரு கெபாசிட்டரில் தேங்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும். பேக்லைட் வரிசைக்குப் போகும் மின்னழுத்தமும் பல மாடல்களில் 100 வோல்ட் வரை, சிலவற்றில் அதற்கு மேலும் இருக்கும். கை பட்டால் விளையாட்டல்ல.

அதனால் பட்டையை மட்டும் கழற்றி, சின்னத் துண்டுகளாக்கி, 12 வோல்ட்டுக்கு மாற்றுவதே பாதுகாப்பான வழி. கணக்கு எளிதுதான்.

ஒரு வெள்ளை எல்இடிக்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும். மூன்றைத் தொடராக இணைத்தால் 9 வோல்ட். சில டிவி பட்டைகளில் ஒரே எல்இடி 6 வோல்ட் கேட்கும். எனவே மெக்கானிக்கிடம் இருக்கும் எல்இடி டெஸ்டரில் முதலில் சோதித்துவிட வேண்டும்.

12 வோல்ட் பேட்டரி எப்போதும் 12 வோல்ட் தராது. சார்ஜ் ஏறும் நேரத்தில் 14.4 வோல்ட் வரை போகும். அந்த நேரத்திலும் எல்இடி தாங்க வேண்டும். 14.4-ல் 9 போனால் மிச்சம் 5.4 வோல்ட். சுமார் 1 வாட் வகை டிவி எல்இடிக்கு அதிகபட்சம் 0.3 ஆம்பியர் என்று வைத்தால், 5.4-ஐ 0.3-ஆல் வகுக்க 18 ஓம். அதுதான் தொடரில் போட வேண்டிய ரெசிஸ்டர். அதில் 1.6 வாட் வெப்பம் உண்டாகும் என்பதால் 5 வாட் ரெசிஸ்டர் வாங்குவது நல்லது.

பலரும் செய்யும் பிழை, சரியாக 12 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டு 10 ஓம் மாட்டுவது. ராத்திரி நன்றாக எரியும். பகலில் சார்ஜ் ஏறும்போது ஸ்விட்சைப் போட்டால் கரன்ட் 0.54 ஆம்பியருக்கு எகிறும். சில வாரத்தில் எல்இடி கருகும். 'பழைய சாமான், அதான் போயிடுச்சு' என்று பழி டிவி மேல் விழும்.

ரெசிஸ்டருக்குப் பதில் கரன்ட்டை நிலையாக வைத்திருக்கும் சின்ன டிரைவர் மாட்யூல் போட்டால் இந்தத் தலைவலியே இல்லை. எலக்ட்ரானிக்ஸ் பாகங்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும்.

லேப்டாப் ஸ்கிரீன் வேறு மாதிரி. அதில் உள்ள எல்இடிகள் மிகச் சிறியவை, ஒவ்வொன்றுக்கும் சுமார் 0.02 ஆம்பியர்தான். மேலே சொன்ன கணக்கு அதற்குப் பொருந்தாது. மின்னழுத்தத்தை உயர்த்தும் சர்க்யூட் பெரும்பாலும் அந்தப் பேனலின் போர்டிலேயே இருக்கும். எந்தப் பின்னில் எதைக் கொடுப்பது என்பது மாடலுக்கு மாடல் மாறும். அந்த மாடலின் டேட்டாஷீட்டைப் பார்த்துச் செய்யத் தெரிந்த லேப்டாப் மெக்கானிக்கின் வேலை அது.

பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?

மூன்று எல்இடி கொண்ட இரண்டு வரிசை, மொத்தம் ஆறு எல்இடி என்று வைத்துக்கொள்வோம். 18 ஓம் ரெசிஸ்டரோடு பேட்டரியில் எரியும்போது இரண்டும் சேர்ந்து சுமார் 0.36 ஆம்பியர் இழுக்கும். கிட்டத்தட்ட 4.5 வாட்.

கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியைப் பாதி வரைக்கும்தான் இறக்கலாம் என்று வைத்தாலும், 3.5 ஆம்பியர்-மணி கிடைக்கும். ஒன்பது மணி நேரத்துக்கு மேல் எரியும். தினமும் நாலு மணி நேரம்தான் தேவை என்றால், 10 வாட் சோலார் பேனலும் ஒரு சின்ன சார்ஜ் கன்ட்ரோலரும் போதும்.

சரி, பணம் மிச்சமாகுமா?

நேராகச் சொன்னால், கரன்ட் பில்லில் பெரிதாக ஒன்றும் மிச்சமாகாது.

கணக்கைப் பாருங்கள். 9 வாட் எல்இடி பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 2.7 யூனிட். அதே நேரம் 4.5 வாட் விளக்கு எரிந்தால் 1.35 யூனிட். மிச்சம் ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவு. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் வேறு. புது பல்பும் விலை குறைந்துவிட்டது. 2015 ஜனவரியில் தொடங்கிய மத்திய அரசின் உஜாலா திட்டம் எல்இடி பல்பைச் சாதாரணப் பொருளாக்கிவிட்டது.

எனவே லைன் கரன்ட் உள்ள கூடத்தில் தொங்கவிட இந்த விளக்கைச் செய்வது வெட்டி வேலை. 230 வோல்ட்டில் இணைக்கப் பார்ப்பது வெட்டி வேலையோடு ஆபத்தும்கூட.

அப்போ பெரம்பலூர், அரியலூரில் இது எங்கே உதவும்?

மின்கம்பி போகாத இடத்தில், அல்லது கம்பி போனாலும் கரன்ட் போகிற நேரத்தில்.

பெரம்பலூர் மாவட்டம் சின்ன வெங்காயத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் பெயர் பெற்றது. விலை வரும் வரை வெங்காயத்தைக் காற்றோட்டமான பட்டறையில் போட்டு வைப்பார்கள். ஓலை, தட்டை, மூங்கில் என்று எல்லாமே காய்ந்த பொருள். அங்கே சிம்னி விளக்கோ, சூடாகும் குண்டு பல்போ வைக்க மனசு வராது. அரியலூர் பக்கம் முந்திரிக் கொல்லை, மாட்டுக் கொட்டகை, மோட்டார் கொட்டகை. விடியற்காலை பால் கறக்கப் போகிறவர்கள் செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வேலை பார்க்கும் இடங்கள் இவை.

இன்னொரு விஷயமும் உண்டு. பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு 2024 நவம்பரில் அறிவித்தது. கொட்டகை வாசலில் நிலையாக எரியும் ஒரு விளக்கு, காலை எங்கே வைக்கிறோம் என்று காட்டும். அதன் மதிப்பை யூனிட் கணக்கில் பார்க்க முடியாது.

2012-ல் சென்னைக்கு வெளியே தினம் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்த காலத்தை இந்த இரண்டு மாவட்டக்காரர்களும் மறந்திருக்க மாட்டார்கள். இன்று நிலைமை அப்படியில்லை. ஆனாலும் புயல், மழை நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு 12 வோல்ட் விளக்கு இருப்பது நல்லதுதான்.

ஒரு சின்னக் குறிப்பு: டிவி பேக்லைட் வெளிச்சம் நீலம் கலந்த வெள்ளையாக இருக்கும். பூச்சி அதிகம் வரும், ராத்திரி கண்ணுக்கும் உறுத்தும். மேலே இளமஞ்சள் ஷீட் ஒட்டினால் இரண்டும் குறையும்.

இதை யாராவது செய்து பார்த்திருக்கிறார்களா?

நெருங்கிய உதாரணம் பெங்களூருவில் இருக்கிறது. ஐபிஎம் நிறுவனத்தின் இந்திய ஆய்வுப் பிரிவு, தூக்கி எறியப்பட்ட லேப்டாப் பேட்டரிகளை எடுத்துச் சோதித்தது. அவற்றில் சுமார் 70 சதவீத பேட்டரிகளுக்கு, ஒரு எல்இடி விளக்கை ஒரு வருடத்துக்குத் தினமும் நாலு மணி நேரத்துக்கு மேல் எரிய வைக்கும் தெம்பு மிச்சம் இருந்தது. அந்த செல்களை வைத்து 'ஊர்ஜார்' என்ற விளக்குப் பெட்டியை உருவாக்கினார்கள். பெங்களூருவில் தெருவோர வியாபாரிகளிடமும் குடிசைப் பகுதி மக்களிடமும் கொடுத்துப் பார்த்து, 2014-ல் முடிவை வெளியிட்டார்கள்.

பயன்படுத்தியவர்கள் கேட்ட மாற்றங்கள்தான் சுவாரசியம். இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வேண்டும், எலி கடிக்காத வயர் வேண்டும் என்றார்கள். வெங்காயப் பட்டறைக்கு விளக்கு செய்பவர்களுக்கு இந்த இரண்டாவது பதில் அப்படியே பொருந்தும். வயரை பிவிசி பைப்புக்குள் விடாமல் ஓலைக்கு நடுவே இழுத்தால், எலி கடித்து, ஷார்ட் ஆகி, தீப்பிடிக்கும்.

சென்னை ஐஐடியும் வேறொரு கோணத்தில் இதையே சொன்னது. எல்இடியும் சோலார் பேனலும் பேட்டரியும் இயல்பிலேயே டிசி. நடுவில் ஏசியாக மாற்றித் திரும்ப டிசி ஆக்குவதில் கரன்ட் வீணாகிறது. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய 48 வோல்ட் டிசி அமைப்பு, ராஜஸ்தானின் ஜோத்பூர் பகுதியில் மின்கம்பி எட்டாத ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போனது.

எங்கே உஷாராக இருக்கணும்?

• டிவியைத் திறப்பதை மெக்கானிக்கிடம் விடுங்கள். பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது, கெபாசிட்டரை வெறுமையாக்கவும் வேண்டும்.

• திறந்ததும் எல்இடிக்குப் பதில் கண்ணாடிக் குழல் தெரிந்தால் அதோடு நிறுத்துங்கள். ஒரு குழலில் சில மில்லிகிராம் பாதரசம்தான். ஆனால் மூடிய அறையில் உடைந்தால் அதுவே அதிகம். உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். துடைப்பத்தால் கூட்டக் கூடாது.

• லேப்டாப் பேட்டரியை வீட்டில் பிரிக்காதீர்கள். லித்தியம் செல் ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். ஐபிஎம் செய்தது ஆய்வகச் சோதனைக்குப் பிறகு, பாதுகாப்பு சர்க்யூட்டோடு. முதல்முறை செய்பவர்களுக்கு லெட் ஆசிட் பேட்டரிதான் நல்லது.

• பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே 2 ஆம்பியர் ஃபியூஸ். அஞ்சு பத்து ரூபாய் சாமான், கொட்டகையையே காப்பாற்றும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் உண்மையான இடைவெளி இருக்கிறது. 2022-ம் ஆண்டு விதிகள்படி டிவி, லேப்டாப் தயாரிக்கும் நிறுவனங்கள், விற்றதில் ஒரு பங்குக்கு மறுசுழற்சிச் சான்றிதழ் வாங்க வேண்டும். 2023-24, 2024-25-ல் இலக்கு 60 சதவீதம். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 70. பிறகு 80. அந்தச் சான்றிதழ் தங்கம், காப்பர், அலுமினியம், இரும்பு ஆகிய உலோகங்களை எவ்வளவு மீட்டார்கள் என்பதை வைத்துக் கணக்காகிறது.

நன்றாக எரியும் எல்இடி பட்டைக்கும், கீறல் விழாத அக்ரிலிக் தகட்டுக்கும் இந்தக் கணக்கில் இடமில்லை. பொருளைச் சரிசெய்து மறுபடி பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் பதிவு பெற்ற நிறுவனங்களுக்கு விதிகளில் ஒரு வழி உண்டு. ஆனால் மைக்ரோ என்று வகைப்படுத்தப்பட்ட குறுந்தொழில்களுக்கு இந்த விதிகளே பொருந்தாது. பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் டிவி மெக்கானிக் கடைகள் பெரும்பாலும் அந்த வகைதான். அவர்களுக்குக் கட்டாயமும் இல்லை, ஆதரவும் இல்லை.

உலகம் முழுவதும் 2022-ல் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே என்கிறது ஐ.நா. அமைப்புகளின் 2024 அறிக்கை. இந்த நிலையில் உலோகமாக உருக்குவதற்கு முன்னால், 'இதில் இன்னும் வேலை செய்கிற பாகம் எது?' என்று பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் அந்த மெக்கானிக்தான்.

இந்த இரண்டு மாவட்டங்களிலும் ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவர்கள் இருக்கிறார்கள். எல்இடி டெஸ்டர், மல்டிமீட்டர், சோல்டரிங் எல்லாம் அவர்கள் பாடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற விஷயங்கள். உடைந்த டிவிகளை வகை பிரித்து, எரியும் பட்டைகளைத் தனியே எடுத்து, பாதரசக் குழல் உள்ளவற்றைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்பும் வேலையை ஊருக்குள்ளேயே தொடங்க, பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை.

இப்போ வீட்டில் உள்ளவர்கள் என்ன செய்யலாம்?

பழைய ஸ்கிரீனை எடைக்குப் போடுவதற்கு முன் மெக்கானிக்கிடம் இரண்டே கேள்விகள் கேளுங்கள். "பேக்லைட் எரியுதா? எல்இடியா, ட்யூபா?"

எல்இடி, எரிகிறது என்றால் கொட்டகைக்கு ஒரு விளக்கு ரெடி. ட்யூப் என்றால் உடைக்காமல், முழுசாக, மின்னணுக் கழிவு எடுக்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். ரெண்டுக்கும் சுத்தியல் தேவைப்படாது.